அரைப் பவுன் உப்பு

அத்தைக்கு வயிறு பெருக்கிறது என்பதை எங்களுக்கு முதலில் காட்டிக் கொடுத்தது பாவாடை நாடாதான். 2018, மாசி மாதம். முடிச்சுப் போட்ட பிறகும் ஒரு சாண் தொங்கும் நாடா, அன்றைக்கு முடிச்சுக்கே பற்றவில்லை. கையும் தோளும் வற்றிக்கொண்டு போக, வயிறு மட்டும் நிறைமாசக்காரி போல முன்னால் வந்திருந்தது. வாயு என்றார்கள். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பூண்டுப் பால் கொடுத்தேன். அப்புறம் பெட்டிக்கடையில் விற்குமே, தண்ணீரில் கொட்டினால் புஸ்ஸென்று பொங்கும் பொடி, அதையும் கொடுத்தேன். அந்தப் பொடியில் இருப்பது சோடியம் பைகார்பனேட். எதைக் குறைக்க வேண்டுமோ அதையே பொட்டலம் பொட்டலமாகக் கரைத்துக் கொடுத்திருக்கிறேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தெருவில் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "இது வாயு இல்லம்மா, மகோதரம் மாதிரி இருக்கு. தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பழைய ஆட்களுக்கு நோயின் பெயராவது தெரிந்திருந்தது.

ஸ்கேனில் ஈரல் சுருங்கி, விளிம்பெல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தது. வயிற்றுக்குள் நீர். சிரோசிஸ் என்று எழுதினார்கள். எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டா?" அத்தை வெற்றிலைகூடப் போட்டதில்லை. 18 வருடச் சர்க்கரையும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை அது. இதை டாக்டருக்குச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. ஊருக்குச் சொல்லி இன்னும் முடியவில்லை.

ஊசி வைத்துக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதித்து, நீர் பிரிய மாத்திரை கொடுத்து, ஆறாம் நாள் அனுப்பினார்கள். சீட்டின் கடைசி வரியில் இப்படி இருந்தது: "உப்பு குறைக்கவும். 2 கிராம் சோடியம்." எந்த மாத்திரை எந்த வேளை என்று விரல் விட்டுச் சொன்னவர்கள், இந்த வரியை வாய்விட்டுப் படிக்கக்கூட இல்லை. எங்கள் சமையலறையின் அடுத்த நான்கு வருடம் அந்த ஒரு வரிக்குள்தான் ஓடியது.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடை. அதைத் தாண்டினால் உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கே அகஸ்தியம்பள்ளியில்தான். அத்தை சின்ன வயதில் அதே அகஸ்தியம்பள்ளியில் கூலிக்கு உப்புச் சுமந்தவர். கல் உப்பை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்வார். நார்த்தங்காய், மாவடு, மோர்மிளகாய், சுண்டை வத்தல் என்று வருடத்துக்கு வேண்டியது அத்தனையும் அவர் கைப்பக்குவம். ஊரில் கல்யாணம் என்றால் ஊறுகாய்க்கு உப்புப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் போய் நான், கல்யாணமாகி ஒன்பது வருடமே ஆன மருமகள், "உப்பு வேண்டாம் அத்தை" என்று சொல்ல வேண்டும்.

நான் செய்த முதல் தப்பு கணக்கில். 2 கிராம் சோடியம் என்பதை 2 கிராம் உப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது அரை ஸ்பூனுக்கும் குறைவு. அதிலும் பயத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். அத்தைக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பதினைந்து நாளில் கன்னம் ஒட்டி, நெற்றி எலும்பு தெரிந்தது. வயிற்று நீர் குறையவில்லை, உடம்பில் இருந்த சதைதான் கரைந்தது. இந்த நோயில் சதை கரைவது சின்ன விஷயம் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதற்குள் நாத்தனார் காதுக்கு விஷயம் போய்விட்டது. பஸ் பிடித்து வந்து வாசலிலேயே கேட்டார்: "எங்கம்மாவுக்கு உப்பில்லாத சோறு போடுறியாமே?" தமிழில் ஒரு மருமகள் மேல் இதைவிடப் பெரிய குற்றம் சாட்ட முடியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். உப்பு இடாதவளை என்ன செய்வது என்று பழமொழி ஏதும் இல்லை, ஆனால் அதற்குத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது தப்பு இந்துப்பு. கொழுந்தனார் கும்பகோணத்திலிருந்து அரைக் கிலோ வாங்கி வந்தார். "இது உடம்புக்கு நல்லது அண்ணி, இதுல அந்தக் கெடுதல் எல்லாம் இல்ல." எனக்கும் அப்பாடா என்றிருந்தது. தாராளமாகப் போட்டேன், அத்தையும் சாப்பிட்டார், வீடு சிரித்தது. மூன்று வாரத்தில் இரண்டு காலும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. ரோஸ் நிறமாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும், மலையிலிருந்து வெட்டினாலும் எங்கள் அளத்தில் வாரினாலும், உப்பு என்பது ஏறக்குறைய முழுக்கவும் சோடியம் குளோரைடுதான். இந்துப்பில் மற்ற தாதுக்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வகை உப்பு உண்டு, 'சோடியம் குறைந்தது' என்று பாக்கெட்டில் போட்டு விற்பது. அதில் சோடியத்துக்குப் பதிலாக பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். நீர் பிரிய அத்தைக்குக் கொடுத்தது போல ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. அந்த மாத்திரையே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். மேலே இதுவும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

சித்திரையில் மறுபடி மருத்துவமனை. 6 லிட்டர் நீர் எடுத்தார்கள். இவ்வளவு எடுத்தால் ரத்த ஓட்டம் சரிந்துவிடாமல் இருக்க அல்புமின் என்ற புரதத்தை ஏற்ற வேண்டும் என்று அதையும் ஏற்றினார்கள். இந்த முறை உணவுப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சீட்டைப் பார்த்தார், நான் சமைத்த விதத்தைக் கேட்டார், தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு தாளை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1 கிராம் உப்பில் சோடியம் கிட்டத்தட்ட 400 மில்லிகிராம்தான், மிச்சம் குளோரைடு. ஆக 2 கிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. பால், முட்டை, மீன், கீரை எல்லாவற்றிலும் இயற்கையாகவே சோடியம் உண்டு. அதற்கு 1 கிராம் கழித்தால், கையால் போட்டுக்கொள்ள ஒரு நாளைக்கு 4 கிராம் மிஞ்சும்.

"அரைப் பவுன்," என்றார் என் வீட்டுக்காரர். பவுன் 8 கிராம் என்ற கணக்கு நம் வீடுகளில் யாருக்குத்தான் தெரியாது? அந்த அம்மா சிரித்துவிட்டு இன்னொன்று சொன்னார். வயிற்றில் சேர்கிற ஒவ்வொரு லிட்டர் நீருக்குள்ளும் சுமார் ஒரு பவுன் உப்பு இருக்கிறதாம். உப்பை வெளியே தள்ளுகிற வேலையைச் சிறுநீரகம் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டதால், தேவைக்கு மேல் ஒரு பவுன் தின்றால் ஒரு லிட்டர் நீர் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அத்தை அதுவரை கண்ணை மூடிப் படுத்திருந்தவர், கண்ணைத் திறந்து, "அப்ப இப்ப எடுத்த தண்ணில ஆறு பவுன் போச்சா?" என்று கேட்டார்.

(4 கிராம் என்பது அத்தைக்குச் சொன்ன அளவு. இதயம், சிறுநீரகம் என்று வேறு கோளாறும் சேர்ந்தவர்களுக்கு அளவு மாறும், அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது உப்புக் கணக்கா, சோடியம் கணக்கா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.)

ஏன் சிறுநீரகம் இப்படிச் செய்கிறது என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. ஈரல் கெட்டால் சிறுநீரகத்துக்கு என்ன வந்தது? என் வீட்டுக்காரர் விவசாயி, அவர்தான் தனக்குத் தெரிந்த பாஷையில் விளங்கிக்கொண்டு எனக்கும் சொன்னார். குடலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவந்து ஈரலில் விடும் பெரிய குழாய் ஒன்று இருக்கிறது. ஈரல் தழும்பேறி இறுகிவிட்டால், அது தூர்ந்துபோன மதகு மாதிரி. மேலே தண்ணீர் ஏறி நிற்கும், கரை கசியும். அந்தக் கசிவுதான் வயிற்றில் நீர். மேலே அவ்வளவு நிற்கும்போதே கீழே ஓட்டம் குறைந்துபோகும். சிறுநீரகம் கடைமடைக்காரன். முறைத் தண்ணீர் வரவில்லை, ஆற்றிலேயே தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, வந்த சொட்டையெல்லாம் வரப்பை உயர்த்தித் தேக்குகிறான். உப்பை விடமாட்டான், உப்பு நிற்கிற இடத்தில் தண்ணீரும் நிற்கும். மேட்டூர் நிறைந்து கிடக்க எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடப்பதைப் பல வருடம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதனால்தான் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாமல் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். "வயித்துல தண்ணி இருக்கு, தண்ணி குடிக்காதே" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அத்தையைத் தாகத்தில் போட்டார்கள். ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கினால் மட்டும்தான் தண்ணீருக்கு அளவு வைப்பார்கள்.

ஊருக்கு வந்ததும் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். பர்ஸிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து, இதில் அரைப் பவுன் நிறுத்துக் கொடுங்கள் என்றதும் கடைப் பையன் முதலாளியைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். தங்கம் நிறுக்கிற தராசில் தாள் போட்டு நிறுத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. வீட்டில் அத்தையின் பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழ் சும்மா கிடந்தது. அந்த 4 கிராமை அதில் கொட்டினால் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஊசியால் அந்த மட்டத்தில் ஒரு கோடு கீறினேன். தூள் உப்புக்குத்தான் இந்தக் கோடு. கல் உப்பு இடைவெளி விட்டு நிற்பதால் அதே மட்டத்துக்கு எடை வேறாக வரும். ஸ்பூன் கணக்கை நம்பாததற்கும் அதுவே காரணம். எங்கள் வீட்டிலேயே மூன்று அளவில் டீஸ்பூன் இருந்தது.

அதன் பிறகு ஏற்பாடு இதுதான். காலையில் சிமிழைக் கோடு வரை நிரப்பி அத்தை தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அவருக்கு எடுத்து வைக்கிற எதிலும் நான் உப்புப் போடமாட்டேன். இட்லிக்கு எவ்வளவு, குழம்புக்கு எவ்வளவு, ராத்திரிக் கஞ்சிக்கு மிச்சம் வைக்க வேண்டுமா என்பதெல்லாம் அவர் இஷ்டம். இது ஒரு சின்ன மாற்றம். ஆனால் வீட்டில் சண்டை நின்றது இதனால்தான் என்று சத்தியமே செய்வேன். அதுவரை உப்பு என் கையில் இருந்தது, நான் கொடுக்காதவளாக இருந்தேன். இப்போது அவர் கைக்குப் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க வீட்டுக்கே உப்புப் பார்த்தவர், மறுபடியும் உப்புப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு விரலில் எடுத்து, சாதத்தில் இல்லாமல் குழம்பில் நனைந்த கத்தரிக்காய்மேல் மட்டும் தூவுவார். கொதிக்கும்போது போடுகிற உப்பு உள்ளே ஊறிப்போய்விடும். சாப்பிடும்போது மேலே தூவினால் நாக்கில் நேராகப் படும், கொஞ்சமே போதும். இதையும் அவர்தான் கண்டுபிடித்தார். சில நாள் சிமிழில் மிச்சம் இருக்கும். "நேத்தைய பாக்கி இருக்கு, இன்னைக்குச் சேர்த்துக்கட்டுமா?" என்று பேரம் பேசுவார். ஒரு சிட்டிகைக்குள் என்றால் கண்டுகொள்ள மாட்டேன்.

அந்த வைகாசியில் திருநாகேஸ்வரம் உப்பிலியப்பன் கோயிலுக்குப் போனோம். பெருமாளுக்கு அங்கே உப்பில்லாமல்தான் நைவேத்தியம். மார்க்கண்டேயர் தன் மகளைக் கொடுக்கத் தயங்கி, உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாத சின்னப் பெண் என்றாராம். பெருமாள், பரவாயில்லை, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்றாராம். அடுத்த முறை நாத்தனார் வந்து ஆரம்பித்தபோது அத்தையே முந்திக்கொண்டார்: "பெருமாளே உப்பில்லாம சாப்பிடுறாரு. நீ என்னடி பெரிய இவளாட்டம் கேக்குற?" நாத்தனார் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. வரும்போது முறுக்குக்குப் பதில் கொய்யாப்பழம் வாங்கி வர ஆரம்பித்தார்.

சமையலில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று கொஞ்சம் சொல்கிறேன். நம் ஊர்ச் சோற்றில் உப்புப் போடுவதில்லை, அது பெரிய வரம். இட்லி மாவை ஆட்டியதும் உப்புப் போடுவதற்கு முன்பே அத்தைக்கு ஒரு தூக்கு எடுத்து வைத்துவிடுவேன். உப்பில்லாத மாவும் நன்றாகவே பொங்கும், ஆனால் சீக்கிரம் புளித்துவிடும், கோடையில் ஒரே நாள்தான். ரசம் அவருக்காகவே பிறந்தது போல அமைந்தது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழிந்தால் உப்பைத் தேட மாட்டார். புளிப்பும் காரமும் வறுத்த வாசனையும் இருந்தால் நாக்கு ஏமாறும். மாங்காய்ப் பருவத்தில் எல்லாவற்றிலும் மாங்காய் விழுந்தது. கறிவேப்பிலையையும் கொத்தமல்லி விதையையும் வறுத்து உப்பில்லாமல் அரைத்த பொடி, இட்லிக்கும் ஆனது, சோற்றுக்கும் ஆனது.

தோற்றுப்போனது சாம்பார். உப்பில்லாத சாம்பார் ஆறிவிட்டால் நான்கூடச் சாப்பிட மாட்டேன். எதையும் சுடச்சுடக் கொடுத்தால் உப்புக் குறை பாதி மறையும். பழைய சோறும் சின்ன வெங்காயமும் உப்பில்லாத மோரும் ஆகாது என்றுதான் நினைத்தேன், அத்தை அதை விரும்பிச் சாப்பிட்டார். நாலு பேர் சமையலை இவருக்காக மாற்ற வேண்டாம் என்று, குழம்பு கொதித்ததும் இவர் பங்கை எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு உப்புப் போட்டேன். காயில் உப்புப் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் ஒரு மாதம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போனார்கள்.

அத்தைக்கே நாக்குப் பழக ஐந்தாறு வாரம் ஆனது. அதுவரைதான் பாடு. பழகிய பிறகு ஒருநாள் திருத்துறைப்பூண்டியில் ஒரு ஓட்டலில் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "என்ன இது, கடல் தண்ணியா?" என்றார். சிமிழ் இல்லாமல் வெளியே சாப்பிடப் போனால் தயிர், வாழைப்பழம், வெறும் சோறு என்று ஒதுங்கிக்கொள்வார்.

சிமிழில் இருக்கிற உப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத உப்புதான் ஆளைக் கவிழ்க்கும். சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல் இரண்டையும் உப்பு மோரில் ஊறவைத்துத்தானே காயப் போடுகிறோம்? அதைக் கைப்பிடி போட்டு உப்பில்லாத வத்தக்குழம்பு வைத்திருக்கிறேன் நான். அப்பளத்தில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு, இரண்டிலும் சோடியம். கடைச் சாம்பார்ப் பொடி, இஞ்சி பூண்டு விழுது, பன், ரொட்டி, நோயாளிக்கு என்று வாங்கி வருகிற பிஸ்கட், எல்லாவற்றிலும் இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு. கருவாட்டை ராத்திரி முழுக்க ஊறவைத்து மூன்று தண்ணீர் அலசினாலும் உள்ளே ஊறிய உப்பு முழுதாகப் போகாது. அதை விட்டதற்காக அத்தை கண் கலங்கியே பார்த்தேன். ஊறுகாயை விட்டபோதுகூட அப்படி இல்லை.

எங்கள் கடைமடையில் இன்னொரு தொல்லை, நிலத்தடித் தண்ணீர். போர் தண்ணீரே கரிக்கும். அதில் வேகவைத்தால் அதுவும் கணக்கில் சேரும் என்பதால், அத்தைக்குக் குடிக்கவும் சமைக்கவும் கொள்ளிடத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மட்டும்தான். மருந்துகளிலும் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்து நுரைக்கிற மாத்திரை எதுவானாலும் பெரும்பாலும் சோடியம் இருக்கும். ஒருமுறை முழங்கால் வலிக்கு நானே மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டே நாளில் சிறுநீர் பாதியாகக் குறைந்துபோனது. அந்த ரக வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையே அடிக்கும், உப்பையும் தேக்கும், நீர் பிரிக்கிற மாத்திரையை வேலை செய்ய விடாது. டாக்டர் என்னைத் திட்டியது நியாயம்.

உப்புக்குக் காட்டிய கவனத்தில் பாதியைச் சாப்பாட்டு அளவுக்குக் காட்டியிருந்தால் முதல் மாதம் அப்படி உருகியிருக்க மாட்டார். முட்டை, பாசிப்பயறு, அன்றன்று வாங்கின மீன் எல்லாம் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார்கள். ஈரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம் என்றார்கள். ராத்திரி நெடுநேரம் வெறும் வயிறாக இருந்தால் உடம்பு தன் சதையையே தின்னும், அதனால் படுக்கும் முன் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி. வெள்ளிக்கிழமை ஒருபொழுதை விடச் சொல்லி அத்தையைச் சம்மதிக்க வைக்க ஆனது ஆறு வெள்ளிக்கிழமை. காபிக்குத் தடை இல்லை. ஈரலுக்கு அது நல்லதுதான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அத்தை அவரை முழுதாக நம்பினார்.

எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தபோது கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. ஓடு பறந்து, தோப்பு முழுக்கச் சாய்ந்து, ஊரே இருட்டில் கிடந்தது. நிவாரணமாக வந்தது புளிசாதப் பொட்டலம், ரொட்டி, பிஸ்கட். கொடுத்தவர்களைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் அத்தனையும் உப்பு, வேறு வழியும் இல்லை. குழாயில் தண்ணீரும் வரவில்லை. விழுந்த மரங்களில் இளநீர் குலை குலையாகக் கிடந்தது. அத்தைக்கு நாளைக்கு மூன்று, நான்கு என்று வெட்டிக் கொடுத்தோம். சுத்தமான தண்ணீர், உப்பில்லை, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தோம். பத்து நாளில் 5 கிலோ ஏறியிருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் 5.9, அளவுக்கு மேல். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்று தென்னந்தோப்புக்குள் வாழ்கிற எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தி வைத்து, மறுபடி 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தார்கள். எந்த இழப்பைக் கேட்டாலும் ஊரில் எல்லாரும் மரக் கணக்குச் சொன்ன நாளில், நான் பொட்டாசியக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வருடம் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன. ஒரு ரத்தப் பரிசோதனையில் சோடியம் 127 என்று வந்தது. இருக்க வேண்டியது 135-க்கு மேல். தாளைப் பார்த்த கொழுந்தனார், "பாத்தீங்களா அண்ணி, உப்பைக் குறைச்சுக் குறைச்சு ரத்தத்துலயே உப்பில்லாம பண்ணிட்டீங்க. இன்னைலேர்ந்து நல்லா போடுங்க" என்றார். எனக்கும் கை நடுங்கியது. டாக்டர் சொன்னது வேறு. ஒரு தம்ளர் மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கரிக்கும். ஒரு குடம் மோரில் இரண்டு சிட்டிகை போட்டாலும் சப்பென்றுதான் இருக்கும். உப்பு குடத்தில்தான் அதிகம், ஆனால் நாக்கு தம்ளரைத்தான் சொல்லும். அத்தை உடம்பு அந்தக் குடம். உப்பு கூடுதலாகவே இருக்கிறது, அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் சேர்ந்து நீர்த்துப் போயிருக்கிறது. உப்பைக் கொட்டினால் இன்னும் தண்ணீர்தான் சேரும். நீர் மாத்திரையைக் குறைத்தார்கள், சில வாரத்துக்குத் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள், சிமிழ்க் கோடு அப்படியே இருந்தது.

எடை பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கியதுதான் நான் செய்த உருப்படியான செலவு. காலையில் கக்கூஸ் போய் வந்த பிறகு, காபிக்கு முன், அதே மாதிரிப் புடவையில் ஏறி நிற்க வேண்டும். எண்ணை மாதக் காலண்டர் கட்டத்தில் எழுதுவோம். இரண்டு நாளில் ஒரு கிலோ ஏறினால் முந்தின நாட்களின் சாப்பாட்டைத் துருவுவேன். பெரும்பாலும் ஏதாவது விசேஷ வீடாக இருக்கும். அதே போல வேகமாக இறங்குவதும் ஆபத்து. கால் வீக்கம் இல்லாதபோது ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் போன் பண்ணச் சொல்லியிருந்தார்கள். சிறுநீரகம் காய்ந்துவிடுமாம். முதல் வருடம் மூன்று முறை நீர் எடுக்க வேண்டியிருந்தது, அடுத்த வருடம் ஒரே முறை. உப்பைக் குறைத்ததால் ஈரல் சரியாகவில்லை, அப்படி ஒருவரும் சொல்லவும் இல்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து போனார், குனிந்து கோலம் போட்டார், மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பங்கரையில் புடவை மடித்துக்கொண்டிருந்தார். பால்காரர் வந்தாச்சா என்றார். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். மலம் தேங்கினால் நஞ்சு மூளைக்கு ஏறும். அதற்குத்தான் லாக்டுலோஸ் மருந்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். காய்ச்சல், வயிற்று வலி, பேச்சில் குழப்பம், கறுப்பாக மலம், ரத்த வாந்தி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2022 தை மாதம் காய்ச்சலோடு கிளம்பினோம். வயிற்று நீரில் கிருமி. அந்த முறை அத்தை திரும்பி வரவில்லை.

போன வாரம் மூன்றாவது தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் அப்பாவுக்கு அதே நோய், அதே கடைசி வரி. சிமிழைக் காட்டினேன், கோட்டைக் காட்டினேன், நகைக்கடைக்கு வழி சொன்னேன், வத்தல் முதல் இளநீர் வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் செல்போனில் எழுதிக்கொண்டு செருப்பை மாட்டியவள், திரும்பி வந்து கேட்டாள்: "அக்கா, இந்துப்புன்னா பரவாயில்லதானே?"

"உள்ள வந்து உக்காரு" என்றேன்.